சக்ர் கணினியின் விளையாட்டுகள்: இன்று திரும்பிப் பார்க்கும்போது



பிள்ளைகளும் வீடியோ கேமும் என்ற விடயம் நம் வீடுகளில் அடிக்கடி சண்டையாக முடிகிற விடயம். இன்றைய உரையில் அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்து சேருமுன் தங்கியிருந்த வளைகுடா நாடுகளில், 1980களில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட ஒரு கணினியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் சக்ர். அரபு மொழியில் பாறை என்று அர்த்தம். குவைத், சவூதி, ஐக்கிய அரபு அமீரகம் என்று அங்கே குடும்பமாக இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். அதற்கு வந்த விளையாட்டுகளையும் மற்றப் புரோகிராம்களையும் இத்தனை வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால், எது நின்றது, எது நிற்கவில்லை என்று தெரிகிறது. அதிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் இந்தக் கணினி எப்படி வந்தது என்று பார்ப்போம். 1983ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜப்பானின் ஆஸ்கி நிறுவனமும் அமெரிக்காவின் மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் சேர்ந்து எம்எஸ்எக்ஸ் என்ற ஒரு பொது அளவுகோலை அறிவித்தன. இதற்கு முன்னின்றவர் கசுஹிகோ நிஷி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு விதம். ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் மற்றதில் ஓடாது. எம்எஸ்எக்ஸ் வந்த பிறகு, யார் செய்த கணினியாக இருந்தாலும் அந்த அளவுகோலின்படி செய்திருந்தால் ஒரே கார்ட்ரிட்ஜ் எல்லாவற்றிலும் வேலை செய்தது. ஜப்பான், கொரியா, ஒல்லாந்து, ஸ்பெயின், பிரேசில் ஆகிய நாடுகளில் இது நன்றாக ஓடியது.

குவைத்தைச் சேர்ந்த முகம்மத் அல் ஷாரிக் என்பவர் பொருளியல் படித்தவர். 1982இல் சக்ரைத் தொடங்கியவர் இவர். இவருடைய அல் ஆலமியா நிறுவனம் இந்த எம்எஸ்எக்ஸ் கணினியை எடுத்து, அதற்குள் அரபு எழுத்தை ஏற்றி, சக்ர் என்ற பெயரில் விற்றது. கணினிகளைச் செய்து கொடுத்தவர்களில் யமஹாவும் ஒன்று. ஏஎக்ஸ் 170, ஏஎக்ஸ் 350, ஏஎக்ஸ் 370 என்று பல மாதிரிகள் வந்தன. ரீவியோடு இணைத்து, மேலே கார்ட்ரிட்ஜைச் செருகினால் விளையாட்டு. கார்ட்ரிட்ஜ் இல்லாவிட்டால் பாட்டுக் கேட்கிற சாதாரண கசெற்றில் இருந்தும் புரோகிராமை ஏற்றலாம். ஏற்றி முடியும்வரை அந்தக் கீச்சென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

என் அப்பா 1979இல் வெல்டராக வளைகுடாவுக்குப் போனவர். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அம்மாவும் நாங்களும் சார்ஜாவில் அவரிடம் போய்ச் சேர்ந்தோம். எங்கள் வீட்டில் சக்ர் இருக்கவில்லை. அது வாங்கக்கூடிய நிலையில் நாங்கள் இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பலஸ்தீனக் குடும்பம். அவர்களும் நாட்டை விட்டு வந்தவர்கள். அவர்கள் வீட்டில் ஒரு ஏஎக்ஸ் 170 இருந்தது. அந்தக் கட்டிடத்துப் பிள்ளைகள் எல்லாரும் பின்னேரத்தில் அங்கேதான்.

அப்போது பெரியவர்களுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. படிப்புக் கசெற் நல்லது, விளையாட்டுக் கார்ட்ரிட்ஜ் கூடாது. பிள்ளைகளுக்கு நேரெதிர் அபிப்பிராயம். இன்று அந்த இரண்டையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, சக்ரின் சரக்கை மூன்று தட்டுகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் தட்டு விளையாட்டுகள். இதில் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். ஜப்பானின் கொனாமி. 1983இல் அவர்கள் செய்த அண்டார்ட்டிக் அட்வென்ச்சர் என்ற விளையாட்டை எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகள் 'பென்குயின் கேம்' என்றே சொல்வார்கள். ஒரு பென்குயின் பனியில் ஓடிக்கொண்டே இருக்கும். வழியில் வெடிப்புகள், அதற்குள் இருந்து தலையை நீட்டுகிற கடல்நாய்கள். கொடுத்த நேரத்துக்குள் அடுத்த நிலையத்தை அடைய வேண்டும். அடைந்தால் அந்த நிலையத்துக்குரிய நாட்டின் கொடி ஏறும். அவுஸ்திரேலியா, பிரான்ஸ், நியூசிலாந்து, ஜப்பான் என்று கொடி கொடியாக வரும். பல நாடுகளின் கொடியை நான் முதலில் படித்தது அங்கேதான். அந்த விளையாட்டு முழுவதும் 16 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று நீங்கள் கைத்தொலைபேசியில் எடுக்கிற ஒரு படம் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல்.

இடம் குறைவு என்பதால் வெட்டி வெட்டிச் செய்தார்கள். தேவையில்லாத ஒன்றும் உள்ளே இல்லை. அதனால்தான் இன்றும் ஒரு பிள்ளையிடம் கொடுத்தால், விளக்கம் ஒன்றும் கேட்காமல் விளையாடத் தொடங்கிவிடும். 1987இல் வந்த மேஸ் ஒஃப் கேலியஸ் என்ற விளையாட்டில் ஒரு ஆணும் பெண்ணுமாக இரண்டு பாத்திரங்கள். ஒருவரால் முடிந்த வேலை மற்றவரால் முடியாது. இருவரையும் மாற்றி மாற்றிப் பாவித்தால்தான் கோட்டையைக் கடக்கலாம். அந்த நாளில் இதெல்லாம் புது யோசனை.

இன்னொன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அதே 1987இல் மெட்டல் கியர் வந்தது. ஏஎக்ஸ் 370 போன்ற இரண்டாம் தலைமுறை எம்எஸ்எக்ஸ் கணினிகளில்தான் அது ஓடும். செய்தவர் ஹிதேயோ கோஜிமா, அப்போது இளைஞர். போர் விளையாட்டு ஒன்று செய்யும்படி அவரிடம் சொன்னார்கள். ஆனால் அந்தக் கணினியால் நிறைய ஆட்களையும் குண்டுகளையும் ஒரே நேரத்தில் திரையில் காட்ட முடியாது. ஆகவே அவர், எதிரியைச் சுடுவதை விட எதிரியின் கண்ணில் படாமல் போவதுதான் கெட்டித்தனம் என்ற மாதிரி ஒரு விளையாட்டைச் செய்தார். சுவரோரம் நிற்பது, காவலாளி திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது, பிறகு ஓடுவது. உலகம் முழுவதும் பிறகு பல விளையாட்டுகள் அந்த வழியில் வந்தன. நம்மில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவர்களுக்கு அது வெறும் விளையாட்டாகத் தெரியாமல் போகலாம். துவக்கு வைத்திருப்பவன்தான் வெல்வான் என்று சொல்லாத ஒரு போர் விளையாட்டு அது. அதை இன்று மதித்துச் சொல்ல வேண்டும்.

எல்லாமே நல்லவை என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் வேறு கணினிக்காக எழுதியதை அவசர அவசரமாக மாற்றி எம்எஸ்எக்ஸில் விட்ட விளையாட்டுகள் நிறைய. மெதுவாக, நிறம் மங்கி இருக்கும். ரோட் ஃபைற்றர் என்ற கார் ஓட்டத்தை அன்று மணிக்கணக்காக விளையாடினோம். இன்று எடுத்தால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறது.

இரண்டாம் தட்டு அரபுப் படிப்புப் புரோகிராம்கள். பிள்ளைகள் இதைத் தொடமாட்டார்கள். இன்று பார்த்தால் இதுதான் அரிய பொருள். அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். ஒரே எழுத்து சொல்லின் முதலில் வரும்போது ஒரு வடிவம், நடுவில் வரும்போது ஒரு வடிவம், கடைசியில் இன்னொன்று. ஆங்கில எழுத்துக்காகச் செய்த கணினியில் இதை ஏற்றுவது சின்ன வேலை அல்ல. அல் ஷாரிக் ஆட்கள் அதைச் செய்தார்கள். கணக்கு, மொழி என்று பாடங்கள் செய்தார்கள். குர்ஆனைக் கணினியில் ஏற்றினார்கள். பேசிக், லோகோ என்ற புரோகிராம் மொழிகளையே அரபியில் ஆக்கினார்கள். ஒரு அரபுப் பிள்ளை ஆங்கிலம் தெரியாமலே கணினிக்குக் கட்டளை எழுதலாம் என்ற நிலை வந்தது. இதெல்லாம் யாரோ வெளிநாட்டு நிறுவனம் இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல. தங்கள் பிள்ளைகளுக்கு இது தேவை என்று நினைத்த ஒருவர் காசையும் ஆட்களையும் போட்டுச் செய்தது.

மூன்றாம் தட்டில் ஒன்றுமே இல்லை என்று நினைப்பீர்கள். கார்ட்ரிட்ஜ் செருகாமல் கணினியைப் போட்டால் பேசிக் எழுதுவதற்கு வெறும் திரை வரும். விலை கொடுக்கத் தேவையில்லாத சரக்கு அது. எனக்கு இந்த மூன்றாம் தட்டில்தான் பெரிய விடயம் நடந்தது.

பக்கத்து வீட்டு மூத்த பெடியன் ஒருநாள் தன் பெயரை அரபியில் தட்டினான். திரையில் பெரிதாக வந்தது. எல்லாரும் தங்கள் தங்கள் பெயரைத் தட்டினார்கள். என் முறை வந்தது. விசைப்பலகையில் இருந்தது அரபும் ஆங்கிலமும். நான் ஆங்கிலத்தில் தட்டினேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சொந்த எழுத்து இல்லையா என்று கேட்டான். குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான்.

நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குக் கணினி தெரியாது. ஆனால் வெல்டருக்கு வரைபடம் தெரியும். அந்த மூத்த பெடியன், எம்எஸ்எக்ஸில் 16க்கு 16 புள்ளிகள் கொண்ட சின்ன உருவங்களை நாமே வரையலாம் என்று எனக்குச் சொல்லியிருந்தான். விளையாட்டில் ஓடுகிற பென்குயினும் அப்படி வரைந்ததுதான். அப்பா கணக்குக் கொப்பியில் 16க்கு 16 சதுரம் போட்டு, பென்சிலால் 'அ' எழுதினார். எந்தச் சதுரம் கறுப்பு, எது வெள்ளை என்று பார்த்து அதை எண்களாக மாற்ற வேண்டும். ஒரு எழுத்துக்கு 32 எண்கள். வளைவு சரியாக வரவில்லை என்று அழித்து அழித்து எழுதினார்.

அதிலே ஒரு சிக்கல். அந்தக் கணினியில் ஒரே வரிசையில் நாலு உருவங்கள்தான் தெரியும். ஐந்தாவது மறைந்துவிடும். நான் என் பெயரை எழுத வேண்டும் என்று நின்றேன். அதற்கு ஆறு உருவங்கள் தேவைப்பட்டன. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அம்மா' என்று எழுதுவோம் என்றார். 'அ' ஒன்று, 'ம்' ஒன்று, 'ம' ஒன்று, அரவு ஒன்று. சரியாக நாலு. அடுத்த நாள் அந்த 128 எண்களையும் தட்டி முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. திரையில் 'அம்மா' வந்தது. அந்த வீட்டுத் தாயார் சமையலறையில் இருந்து வந்து பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். அரபியில் தாய்க்கு 'உம்மு' என்பார்கள். அவருக்கு விளங்கிவிட்டது.

நேயர்களே, இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சக்ரின் சரக்கில் தமிழ் இல்லை. அது சக்ரின் குறை அல்ல. நம் எழுத்தை அந்தக் கணினியில் ஏற்றுவதும் கடினம். எம்எஸ்எக்ஸில் ஒரு எழுத்துக்கு உரிய கட்டம் 8க்கு 8 புள்ளிகள். அதற்குள் 'ணை' போன்ற எழுத்தை அடக்க முடியாது. 'கொ' என்று எழுதினால் ஒரு குறி முன்னால், ஒன்று பின்னால். இந்தச் சிக்கல்களைத் தீர்க்க நம் ஆட்களும் அதே 1980களில் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைச் செய்தார். பிறகு பாமினி எழுத்துரு வந்தது. புலம்பெயர்ந்த நம் ஆட்களின் பத்திரிகைகளும் கலைவிழா மலர்களும் எத்தனையோ வருடம் பாமினியில்தான் வந்தன. 1991இல் வந்த யூனிக்கோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999இல் தமிழ்நெட் 99 விசைப்பலகை வந்தது. ஆனால் இவையெல்லாம் பெரியவர்களுக்கான எழுத்து வேலை. பிள்ளைகள் விளையாடுகிற பெட்டிக்குள் தமிழைக் கொண்டுபோக யாரும் அப்போது இருக்கவில்லை. எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்றால் ஆங்கிலம், பள்ளி என்றால் ஆங்கிலம், தமிழ் என்றால் சனிக்கிழமைக் கட்டாயம் என்று ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சக்ரின் கதை பிறகு எப்படிப் போனது என்றும் சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அங்கே இருந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் இலங்கையரில் பலர் ஒரு பையோடு பாலைவனத்தைக் கடந்து யோர்தானுக்குப் போனதை நம்மில் சிலர் நேரில் அனுபவித்திருக்கிறார்கள். குவைத்தில் இருந்த மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனரில் பெரும்பாலானோர் போருக்குப் பிறகு அந்த நாட்டில் இருக்க முடியாமல் போனது. சக்ர் நிறுவனமும் கெய்ரோவுக்கு இடம் பெயர்ந்தது. வீடுகளில் இருந்த கணினிகளும் கசெற்றுகளும் எங்கே போயின என்று யார் கணக்கு வைத்தார்? ஓடுகிறவன் கடவுச்சீட்டையும் நகையையும்தான் எடுப்பான்.

1990களின் தொடக்கத்தில் ஏஎக்ஸ் 990 என்று ஒரு மாதிரி வந்தது. ஒரே பெட்டிக்குள் அரபு எம்எஸ்எக்ஸ் கணினியும், சேகாவின் மெகா டிரைவ் விளையாட்டுப் பெட்டியும். பெற்றோருக்குக் காட்டுவதற்குக் கணினி, பிள்ளைக்குச் சோனிக். அந்தக் கடையில் யார் ஏமாந்தார் என்று இன்று நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த நேரம் எம்எஸ்எக்ஸ் காலம் முடிந்துவிட்டது. உலகம் பெரிய கணினிகளுக்கு மாறிவிட்டது. சக்ரும் கணினி விற்பதை விட்டு, அரபு எழுத்தைப் படிப்பது, அரபைப் பேசவைப்பது, மொழிபெயர்ப்பது போன்ற மென்பொருள்களுக்குப் போனது.

அல் ஷாரிக் பிற்காலத்தில் செய்த ஒரு வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். அரபு இலக்கிய, பண்பாட்டுச் சஞ்சிகைகளின் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்தார். 2021இல் சவூதியின் மன்னர் ஃபைசல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2024 மார்ச்சில் காலமானார். நம் பக்கத்தில் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அதே வேலையைச் செய்து வருகிறது. சக்ரின் விளையாட்டுகளும் கசெற்றுகளும்கூட, ஆசைக்காகப் பழைய பொருள் சேர்க்கிற சிலர் பிரதி எடுத்து வைத்ததால்தான் இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கின்றன.

ஆகவே என் கணக்கு இதுதான். விளையாட்டுத் தட்டு, பெரியவர்கள் சொன்னதைவிட நல்ல தட்டு. அதில் மூளையும் உழைப்பும் இருந்தன. படிப்புத் தட்டு, பிள்ளைகள் சொன்னதைவிட நல்ல தட்டு. அதில் ஒரு மொழியின் மானம் இருந்தது. வெறும் திரைதான் எல்லாவற்றிலும் நல்லது. அங்கே பிள்ளை தானே ஒன்றைச் செய்யலாம்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023இல் கனடாவின் ரொறன்ரோவில் இருந்து வெண்பா என்ற விளையாட்டு வந்தது. விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. 1988இல் தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்குப் போன ஒரு குடும்பத்தின் கதை. தாயின் சமையல் குறிப்புப் புத்தகம் பழுதாகிப் போயிருக்கும். அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்க வேண்டும். இடையில், வீட்டில் தமிழ் கதைக்க வெட்கப்படுகிற மகன். 2024இல் அதற்குப் பிரித்தானியாவின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கான பிரிவில் கிடைத்தது. நின்ரெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. பேரப்பிள்ளையோடு பக்கத்தில் இருந்து விளையாடக்கூடியது. அம்மம்மாவுக்குத்தான் விடை முதலில் தெரியும்.

பெற்றோரிடம் நான் கேட்பது சிறிய விடயம். பிள்ளை எத்தனை மணித்தியாலம் விளையாடுகிறது என்று எண்ணுவதோடு நிற்காமல், என்ன விளையாடுகிறது என்று ஒருதரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். அந்தப் பெட்டியில் பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்ய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தன் பெயரைத் தமிழில் எழுத முடிகிறதா என்று கேளுங்கள். இப்போது முடியும். அதற்கு 128 எண்கள் தட்டத் தேவையில்லை. விசைப்பலகையை மாற்றத் தெரிந்தால் போதும். பத்து நிமிட வேலை. இந்த வாரக் கடைசியில் செய்து பாருங்கள். வீட்டில் பழைய கசெற்றோ, கலைவிழா மலரோ, கையால் எழுதிய கொப்பியோ இருந்தால் எறிய வேண்டாம், ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.